போனவரோடு உறவு எப்படித் தொடரும்?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் கனமானது. கணவன் மனைவி இரண்டு பேரில் ஒருவர் முந்திக்கொண்டு போய்விட்டால், மிச்சம் இருக்கிறவர் எப்படி வாழ்வது? போனவரோடு இருந்த உறவு சுடுகாட்டோடு முடிந்துவிடுகிறதா? நம் சமயப் பெரியோர் வாழ்க்கையிலிருந்து இதற்கு என்ன கற்றுக்கொள்ளலாம்? இதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

"டீச்சர், எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே, இது எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கு. நம்ம பண்டார் தெங்காராவைச் சுற்றிப் பாருங்கள். எங்கு பார்த்தாலும் செம்பனை. தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்தாச்சு. பிள்ளைகள் படித்துவிட்டுக் கூலாய், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போயாச்சு. வீட்டில் அப்பாவும் அம்மாவும் இரண்டு பேர். அதில் ஒருவர் போய்விட்டால் இன்னொருவர் தனி. அந்த இன்னொருவர் உங்கள் பாட்டியாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு மாமாவாக இருக்கலாம். அவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், கையில் ஃபோனை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு துக்க வீட்டிலும் பார்க்கிறேன்.

இன்னொரு காரணம் நான்தான். என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறது. 31 வருஷம் ஒன்றாக வாழ்ந்தோம். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டினார். ஒருநாள் காலையில் நெஞ்சு வலிக்குது என்றார், மத்தியானம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் நான் திரும்ப வந்து உட்கார்ந்தபோது எட்டு வயசுப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அங்கிள் இப்ப எங்க இருக்காரு?" பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்வி அது. எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அழுகையைப் பற்றி

ஆன்மிகம் பேசுகிறவர்கள் சில பேர், அழுதால் அது அறியாமை என்று சொல்லிவிடுவார்கள். நம் தமிழ் அப்படிச் சொல்லவில்லை. புறநானூற்றில் 245ஆம் பாட்டைப் பாடியவர் ஒரு சேர மன்னர். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்று அவருக்குப் பெயர். மனைவி இறந்து, ஈமத் தீயில் வைத்துவிட்டு வந்து பாடுகிறார். என் துக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தால்தான் என்ன, அது என் உயிரைப் போக்கும் அளவுக்கு வலிமை இல்லாததாக இருக்கிறதே, அவள் போய்விட்டாள், நான் இன்னும் இருக்கிறேனே என்பது அவருடைய வேதனை. போர்க்களம் பார்த்த அரசர், ஆண்பிள்ளை, இதை ஊர் அறியப் பாடினார். அதை வெட்கம் என்று நினைக்காமல் ஏட்டில் எழுதிக் காப்பாற்றித் தந்தார்கள் நம் முன்னோர்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் மனைவியை இழந்த ஆண்கள் அழ மாட்டார்கள். எட்டாம் நாள், பதினாறாம் நாள் வேலையெல்லாம் ஓடியாடிச் செய்வார்கள். அப்புறம் ஒரு மாதத்தில் பார்த்தால் பாதி ஆளாகியிருப்பார்கள். "தைரியமா இருக்காரு" என்று நாமும் விட்டுவிடுகிறோம். துக்கத்துக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. அழ வருகிறவர் அழட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே போதும்.

உயிர் எங்கே இருக்கிறது?

சைவ சித்தாந்தம் மூன்று பொருள்களை என்றும் உள்ளவை என்கிறது: பதி, பசு, பாசம். பதி இறைவன். பசு என்பது நாம், அதாவது உயிர்கள். பாசம் நம்மைக் கட்டி வைத்திருப்பது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தை 12 சூத்திரங்களில் தந்தார். அந்த வழியில் பார்த்தால், உயிரை யாரும் உண்டாக்கவும் இல்லை, அது அழியப் போவதும் இல்லை. உடம்பு இறைவன் கருணையால் கிடைத்த கருவி. கருவி தேய்ந்தால் உயிர் அதை விடுகிறது, தன் வினைக்கு ஏற்ப அடுத்ததை எடுக்கிறது, அல்லது திருவடியை அடைகிறது. பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் பழைய துணியைக் களைந்து புதிய துணி உடுத்துவதை உவமையாகச் சொல்கிறார். திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் கூட்டை விட்டுப் பறந்து போகும் பறவையைச் சொல்கிறார்.

இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்துத் தலையணை காலியாக இருக்கும்போது, "ஆன்மா அழியாது" என்பது வெறும் வாக்கியமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போது எனக்குப் பிடிமானமாக இருந்தது வேறொரு எண்ணம். அவரும் நானும் இரண்டு பேருமே இறைவனைச் சார்ந்த உயிர்கள். அவர் எந்த நிலையில் இருந்தாலும் சிவபெருமானுக்கு வெளியே போய்விட முடியாது. நானும் அப்படியே. நான் இறைவனிடம் நெருங்க நெருங்க, அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிற அதே கையைத்தான் நெருங்குகிறேன். அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன்: "அங்கிள் சாமிகிட்ட இருக்காரு, நாமளும் சாமிகிட்டதான் இருக்கோம்."

நெருங்குவது என்றால் எப்படி? கண்ணை மூடி உட்காருவது மட்டுமா? துணையை இழந்த மூன்று பெண்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

திலகவதியார்: இருப்பவருக்காக இருந்தார்

அப்பர் சுவாமிகளின் அக்கா திலகவதியாரை உங்களுக்குத் தெரியும். திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்குப் பிறந்தவர். தம்பி பெயர் மருள்நீக்கியார். திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, கலிப்பகையார் என்ற சேனைத் தலைவருக்கு மணம் பேசினார்கள். திருமணம் நடப்பதற்குள் அரசன் அவரைப் போருக்கு அனுப்பினான். அவர் போயிருக்கும்போதே அப்பா நோயில் இறந்தார். அம்மாவும் உடன் உயிர் விட்டார். அந்த அடி ஆறுவதற்குள், கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. 

"என் பெற்றோர் என்னை அவருக்குக் கொடுக்க இசைந்தார்கள், ஆகவே நான் அவருக்கு உரியவள், இந்த உயிரையும் அவர் உயிரோடு சேர்ப்பேன்" என்ற கருத்தில் திலகவதியார் சாகத் துணிந்தார். இங்கேதான் கதை திரும்புகிறது. சின்னத் தம்பி ஓடி வந்து காலில் விழுந்தான். அப்பா அம்மா போன பிறகும் உன்னைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறேன், நீயும் போவதாக இருந்தால் உனக்கு முந்தி நான் போய்விடுவேன் என்று அழுதான். தம்பி வாழ வேண்டுமே என்ற இரக்கம் அவரைத் தடுத்தது. பொன் நகை அணியாமல், எல்லா உயிர்க்கும் அருள் செய்து, வீட்டிலேயே தவமாக வாழ்ந்தார் என்கிறார் சேக்கிழார்.

பிறகு நடந்தது பெரிய கதை. தம்பி சமண சமயத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனார். அக்கா திருவதிகை வீரட்டானத்துக்கு வந்தார். பொழுது விடிவதற்கு முன் எழுந்து, விளக்குமாற்றால் கோயிலைப் பெருக்கி, சாணம் கொண்டு மெழுகி, பூப் பறித்து மாலை கட்டினார். தம்பிக்காக இறைவனிடம் வேண்டினார். சூலை நோய் வந்து துடித்த தம்பி இரவில் அக்காவைத் தேடி வந்தபோது, ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அன்று பாட ஆரம்பித்த நாவுக்கரசரின் பதிகங்கள் நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகளாக நம் கையில் இருக்கின்றன. 

கவனித்தீர்களா? அப்பர் கையில் இருக்கும் உழவாரப்படை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னாலேயே அந்தக் குடும்பத்தில் கோயில் வாசலைச் சுத்தம் செய்த கை அக்காவின் கை. நீங்கள் உழவாரப் பணிக்கு வந்து கோயில் வளாகத்தில் புல் வெட்டும்போது, துணையை இழந்த ஒரு பெண் தொடங்கி வைத்த வேலையைத்தான் செய்கிறீர்கள். அறுபத்து மூவர் வரிசையில் திலகவதியார் பெயர் கிடையாது. ஆனால் அவர் அன்று செத்திருந்தால் நமக்கு அப்பர் இல்லை.

இதில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கு. திலகவதியாருக்குச் சாஸ்திரம் சொல்லி யாரும் உயிர் வாழ வைக்கவில்லை. "அக்கா, நீ எனக்கு வேணும்" என்று சொல்லி ஒரு சின்னப் பையன் காப்பாற்றினான். துணையை இழந்த உங்கள் பாட்டிக்கோ அப்பாவுக்கோ இந்த வார்த்தையைச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், "ஆயா, எனக்கு உங்க கையால சாம்பார் வேணும்" என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

செம்பியன் மாதேவியார்: அவர் பெயரால் செய்தார்

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கும், 2022, 2023இல் படமாகப் பார்த்தவர்களுக்கும் செம்பியன் மாதேவியைத் தெரிந்திருக்கும். கதையில் வருவதை விடக் கல்வெட்டில் வருவது இன்னும் அருமை.

மழவர் குலத்துப் பெண். சோழ மன்னர் கண்டராதித்தரின் தேவி. கண்டராதித்தர் ஏறக்குறைய கி.பி. 949 முதல் 957 வரை ஆண்டவர். ராஜாவாக இருந்தும் அவர் பெயர் நிலைத்தது பாட்டினால்தான். தில்லைக் கூத்தன் மீது அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில், திருவிசைப்பாவில் இருக்கிறது. நம் கோயிலில் பஞ்சபுராணம் ஓதும்போது திருவிசைப்பாவிலிருந்து ஒரு பாட்டு பாடுகிறோம் இல்லையா, அந்தத் தொகுப்பில் பாடிய ஒன்பது பேரில் இவரும் ஒருவர்.

அவர் போனபோது மகன் உத்தம சோழன் சின்னக் குழந்தை. ஆட்சி வேறு கிளைக்குப் போய்விட்டது. செம்பியன் மாதேவியார் கணவரை இழந்து அதன் பிறகு 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மகன் பட்டத்துக்கு வந்ததைப் பார்த்தார், மகனுக்குப் பின் முதலாம் ராஜராஜன் ஆண்டதையும் பார்த்தார். அந்த 40 வருஷத்தில் என்ன செய்தார்? தேவாரம் பாடப்பெற்ற செங்கல் கோயில்களை ஒவ்வொன்றாகக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். திருக்கோடிக்காவல், ஆடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் அரநெறி என்று பட்டியல் நீளும். திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகள் அழிந்து போகக்கூடாது என்று அவற்றைப் பார்த்துப் புதிய சுவரில் திரும்பவும் வெட்ட வைத்தார். 

இதில் நமக்கு முக்கியமானது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோனேரிராஜபுரம். பழைய பெயர் திருநல்லம். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். அந்தக் கோயிலைத் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் கல்லில் எடுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கருவறையின் தெற்குச் சுவரில் ஒரு சிற்பம் உண்டு. கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்குவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். இது இன்னார் என்று கீழே எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ராணி, கணவர் ஞாபகமாக ஒரு சிலை வைக்க வேண்டும் என்றால் எப்படி வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். யானை மேல் வைக்கலாம், சிம்மாசனத்தில் வைக்கலாம். அந்த அம்மாள் அப்படிச் செய்யவில்லை. அவர் சிவனைக் கும்பிடுகிற கோலத்தில் வைத்தார். அவர் உயிருக்கு எது ஆனந்தமோ அந்த நிலையில் அவரை என்றைக்கும் இருக்க விட்டார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் கண்டராதித்தர் அங்கே கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். இறந்தவரோடு ஆன்மிக உறவு என்று நான் எதைச் சொல்கிறேனோ, அதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. போனவர் எதை நேசித்தாரோ அதை நாம் எடுத்துச் செய்வது. அவர் எந்தச் சந்நிதியில் நின்றாரோ அங்கே நாமும் நிற்பது.

இன்னும் ஒன்று. நாகப்பட்டினம் பக்கத்தில் செம்பியன் மாதேவி என்று அவர் பெயரிலேயே ஒரு ஊர் இருக்கிறது. அங்கே உள்ள கோயிலில், அவர் பிறந்த சித்திரை மாதக் கேட்டை நட்சத்திர நாளைக் கொண்டாடுவதற்கு மருமகள்கள், அதாவது உத்தம சோழனின் தேவியர், கொடை கொடுத்திருக்கிறார்கள். கணவனை இழந்த மாமியாருக்கு, மருமகள்கள் கோயிலில் பிறந்தநாள் கொண்டாடினார்கள். பத்தாம் நூற்றாண்டில்! "தாலி அறுத்தவ முன்னால வரக்கூடாது" என்று இன்றைக்கு நம்ம ஊர்க் கல்யாணத்தில் யாராவது சொன்னால், இந்தக் கல்வெட்டை ஞாபகப்படுத்துங்கள்.

எனக்கும் அப்படி ஒரு அனுபவம் உண்டு. ஒரு விளக்கு பூஜையில், "நீங்க பின்னால உட்காருங்கம்மா, சுமங்கலிங்க முன்னால வரட்டும்" என்றார்கள். நான் பதில் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பதினேழு வயசு, தன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்த பாடங்களில் எது அவளுக்குப் பதிந்ததோ தெரியாது, ஆனால் எனக்கு அன்று அவள் பாடம் சொன்னாள்.

சாரதா தேவியார்: வளையலைக் கழற்றவில்லை

மூன்றாவது, வங்காளத்துக்குப் போவோம். ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் 1886 ஆகஸ்ட் 16ஆம் தேதி காசிப்பூரில் உடலை நீத்தார். அவர் துணைவியார் சாரதா தேவியாருக்கு அப்போது 32 வயது. அந்தக் காலத்து வழக்கப்படி வளையலைக் கழற்றப் போனபோது, ராமகிருஷ்ணர் காட்சி கொடுத்துத் தடுத்தார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. நான் என்ன செத்தா போய்விட்டேன், ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதானே என்பது போல அவர் கேட்டாராம். சாரதா தேவியார் வளையலைக் கழற்றவில்லை. மெல்லிய சிவப்புக் கரை போட்ட புடவையையும் விடவில்லை. கிராமத்தில் பேச்சு எழுந்தது. அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் காட்சி கிடைத்ததோடு அவர் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காமார்புகூரில் தனியாக, சோற்றுக்கு உப்புக்கூட இல்லாத வறுமையில் கொஞ்ச காலம் இருந்தார். அதன் பிறகுதான் அன்பர்களும் சீடர்களும் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார்கள். கணவரின் சீடர்கள் எல்லாருக்கும் தாயானார். 1911இல் தெற்கே சென்னை, மதுரை வழியாக ராமேஸ்வரம் வரை வந்து சிவலிங்கத்தைப் பூஜித்தார். 1920 ஜூலை 20இல் மறையும் வரை, கணவர் விட்டுப் போன வேலையை 34 ஆண்டுகள் சுமந்தார்.

மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். மூவரும் துக்கத்தை மறக்க முயற்சி செய்யவில்லை. அன்பை வைத்துக்கொண்டார்கள், அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். தம்பி, கோயில், சீடர்கள் என்று அந்த அன்பு போக ஒரு வழி இருந்தது.

என் வீட்டுக்காரர் அரசரும் இல்லை, ஞானியும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் கோயில் விளக்குகளைப் புளி போட்டுத் துலக்குவார். வெள்ளிக்கிழமை பூஜைக்கு எண்ணெய் ஊற்றித் தயாராக வைப்பார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. பதினாறாம் நாள் முடிந்த அடுத்த வியாழக்கிழமை, நான் போய் அந்த விளக்குகளை எடுத்தேன். குத்துவிளக்கின் அடியில் அவர் விரல் போகாத இடத்தில் பழைய கறை இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். மூன்று வருஷமாக ஒவ்வொரு வியாழனும் துலக்குகிறேன். இப்போது அழுகை வருவது குறைவு. அவர் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுவது மட்டும் குறையவில்லை.

கனவு, காகம், குறி

வகுப்பில் அடிக்கடி வரும் சந்தேகம் இது. "தாத்தா கனவுல வந்தாரு, ஏதாவது கேட்கிறாரா?" பாசம் வைத்தவர் கனவில் வருவது இயல்பு. வந்தால் சந்தோஷப்படுங்கள், எழுந்ததும் ஒரு விளக்கு ஏற்றி அவருக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள். வரவில்லை என்றால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. காகத்துக்குச் சோறு வைப்பதும் நல்ல வழக்கம்தான், நாம் சாப்பிடும் முன் இன்னொரு உயிருக்குக் கொடுக்கிறோம். காகம் வரவில்லை என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் இறந்தவரை வரவழைத்துப் பேச வைக்கிறேன், பரிகாரம் செய்கிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை. புதிதாகத் துணையை இழந்தவர்கள், "ஒரே ஒரு தடவை அவர் குரலைக் கேட்டால் போதும்" என்ற ஏக்கத்தில் இருப்பார்கள். அந்த ஏக்கத்தை வைத்துச் சம்பாதிக்க ஆள் இருக்கு. வீட்டில் இளைஞர்கள்தான் பக்குவமாகச் சொல்லித் தடுக்க வேண்டும்.

நம் சமயம் தந்த வழிகள் எளியவை. இறந்த திதியில் வருஷா வருஷம் நினைவு. ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகளில் விரதமும் தர்ப்பணமும். கோயிலில் மோட்ச தீபம். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல், அவருக்குப் பிடித்த பலகாரத்தோடு. இல்லறத்தான் பேண வேண்டிய ஐந்து பேரை வள்ளுவர் வரிசைப்படுத்தும்போது முன்னோரைத்தான் முதலில் வைக்கிறார், தெய்வம்கூட அதற்கு அடுத்துத்தான். இந்த நாள்களை வெறும் சடங்காகப் பார்க்காதீர்கள். துணையை இழந்தவருக்கு இவை, போனவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஊர் கொடுக்கிற அனுமதி.

துக்க வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

பதினாறு நாளும் கூட்டம் இருக்கும். உண்மையான தனிமை பதினேழாம் நாள் தொடங்கும். ஆகவே உங்கள் வேலையும் அன்றுதான் தொடங்குகிறது.

ஒன்று, போனவர் பெயரைச் சொல்லுங்கள். "அங்கிள் ஒருநாள் எங்களை எல்லாம் லாரியில ஏத்திட்டுப் போனாரே" என்று யாராவது சொன்னால் எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும். ஞாபகப்படுத்தினால் அழுவார்களே என்று பயந்து பேச்சை மாற்றாதீர்கள். அவர்கள் மறந்தால்தானே ஞாபகப்படுத்த!

இரண்டு, பாரங்களைத் தூக்குங்கள். இறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமநிதி, சொக்சோ, பேங்க் என்று ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். சொக்சோவுக்குச் சந்தா கட்டியவர் இறந்தால், தகுதி இருந்தால் துணைவருக்கு மாதா மாதம் ஓய்வூதியம் உண்டு. பல அம்மாக்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் பாரத்தை நிரப்பத் தெரியாது. கணினி தெரிந்த பிள்ளை ஒரு மத்தியானம் கூட உட்கார்ந்தால் அது பெரிய சிவத்தொண்டு.

மூன்று, சாப்பாடு. மனைவியை இழந்த மாமாவுக்கு அரிசி எவ்வளவு தண்ணீரில் வேகும் என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். பொட்டலம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு ஓடி வராமல், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். முடிந்தால் சமைக்கவும் சொல்லிக் கொடுங்கள்.

நான்கு, "நானும் அவரோடயே போயிடணும்" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். திலகவதியார் கதையில் தம்பி விடவில்லை. தனியாக இருக்க விடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள், கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணும் இருக்கிறது. உதவி கேட்பது பக்திக் குறைவு ஆகாது.

ஐந்து, தூரத்தில் வேலை செய்கிறவர்கள் தினமும் ஒரு நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் இரண்டு பேரும் முன்பு பேசிக்கொள்ளும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். சாயங்காலத் தேநீர் நேரம்தான் என் வீட்டில் ரொம்ப அமைதியான நேரம். என் மகன் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறான்.

குழுவில் பேசுவதற்கு

1. திலகவதியாரை வாழ வைத்தது எது? உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவருக்கு நீங்கள் என்னவாக இருக்கிறீர்கள்?

2. கண்டராதித்தரை வணங்கும் கோலத்தில் வைக்க வேண்டும் என்று செம்பியன் மாதேவியார் ஏன் நினைத்திருப்பார்?

3. துணையை இழந்தவர்களை நம் கோயில் விழாவிலும் கல்யாணத்திலும் எங்கே உட்கார வைக்கிறோம்? அதை மாற்ற நம் இளைஞர் குழு என்ன செய்யலாம்? 

4. உங்கள் வீட்டில் காலமான ஒருவர் விரும்பிச் செய்த ஒரு நல்ல வேலையைக் கண்டுபிடியுங்கள். அதை இப்போது யார் செய்கிறார்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் "யாரும் இல்லை" என்றால், இந்த மாதத்துக்கான பயிற்சி அதுதான். தோட்டத்தில் அவர் வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம், யாருக்கோ மாதம் பத்து ரிங்கிட் கொடுத்ததாக இருக்கலாம், கோயில் வாசலைப் பெருக்கியதாக இருக்கலாம். பாட்டியிடமோ அப்பாவிடமோ கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். கேட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். அடுத்த மாதம் வகுப்பில் ஒவ்வொருவரும் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன்.

திருச்சிற்றம்பலம்.